ஒட்டியிருந்த இரண்டு தாள்கள்

எங்கள் துறையில் ஒரு வழக்கம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலநூலை மேசைமேல் வைக்க வேண்டும். யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி அது பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

பதினொரு மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்குத்தான் நூலகத்தில் புத்தகத்தை வாங்கினேன். ஐந்து வருடமாக நான் படித்ததெல்லாம் அதன் ஸ்கேன். இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது அந்த ஒரே ஸ்கேனைத்தான்.

பெயர் தெரியாத ஒரு பௌத்த உரைகாரர் எழுதிய நூல் அது. பௌத்தத்துக்குள் இருந்த பிரிவுகளில் அவர் எதைச் சேர்ந்தவர் என்பது என் கேள்வி. சர்வாஸ்திவாதி என்பது என் பதில். நேற்றும் இன்றும் நாளையும் எல்லாமே இருக்கின்றன என்று வாதாடியவர்கள் அவர்கள். நூற்றுப் பதினோராம் பக்கம்தான் ஆதாரம்: "முடிந்துபோன செயல் இப்போதும் இருக்கிறது. இல்லாத ஒன்றிலிருந்து பலன் எப்படி வரும்?" அதோடு அத்தியாயம் முடியும். அடுத்த பக்கத்தில் வேறு அத்தியாயம்.

அந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டு வைக்கப் போனேன். தாள் தடிமனாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு தாள்கள். ஸ்கேனில் ஓரத்தை வெட்டியிருந்ததால் பக்க எண்ணே தெரியாது. புத்தகத்தில் தெரிந்தது. நூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு நூற்றுப் பதினான்கு.

இரும்பு அளவுகோலை நுழைத்து மெல்லப் பிரித்தேன்.

நடுவே இருந்த இரண்டு பக்கங்களில் முதல் வரி: "இப்படிச் சொல்பவர்களைக் கேட்கிறோம், இப்போதும் இருப்பதை முடிந்துபோனது என்பானேன்?"

அவ்வளவுதான். உரைகாரர் எதிராளியின் வாதத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, பிறகு பிரித்து மேய்ந்திருக்கிறார். பரபக்கம் முதலில், தன் பக்கம் பிறகு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த முறை. நான் எதிராளி வாயில் இருந்ததை எடுத்து இவர் வாயில் போட்டு, அதன் மேல் என் நான்காம் அத்தியாயம் முழுக்க, எண்பது பக்கம் கட்டியிருக்கிறேன்.

வராந்தாவில் சூன்யம் நின்றிருந்தான். அவன் ஆய்வு, எல்லாமே வெறுமை என்னும் சூன்யவாதத்தில் என்பதால் அந்தப் பெயர். வீட்டுக்கு யார் போன் செய்து சூன்யம் இருக்கிறானா என்று கேட்டாலும் அவன் அம்மா பயந்துபோய் வைத்துவிடுவார். அவனிடம் காட்டினேன்.

"அடிப்பாவி, இன்னிக்கா பிரிக்கணும்?"

"இப்ப என்னடா பண்றது?"

"உள்ள போ, சிரி, வெளிய வா. எவனும் தொறக்க மாட்டான். வேணும்னா பசை தரேன், திரும்ப ஒட்டிடு."

"விளையாடாத."

"விளையாடலப்பா. முப்பதாம் தேதிக்குள்ள பட்டம் காட்டலன்னா அந்த விரிவுரையாளர் வேலை போச்சு. அதோட இந்த முடிவ மொதல்ல எழுதினதே வெளித்தேர்வாளர்தான். அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறியா? விடு, பட்டம், வேலை எல்லாமே சூன்யம்தான்."

"போறது என் வேலைடா. அதான் உனக்குத் தத்துவம் வருது."

ஐந்து வருடமாக அக்கா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன். அக்கா பிள்ளைகளுக்குத் தனி அறை இல்லாமல் போனது அங்கே அடுக்கிய என் புத்தகங்களால். இந்த மாதம் காலி செய்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

உள்ளே வெளித்தேர்வாளர், பக்கத்தில் என் வழிகாட்டி மேடம். புத்தகத்தை மேசையில் வைத்தபோது என் உள்ளங்கை ஈரம் அட்டையில் பதிந்தது. முக்கால் மணி நேரம் கேள்விகள். எல்லாமே லேசானவை. நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் வெளித்தேர்வாளர் சிரித்தார்.

"இதுதாம்மா பெஸ்ட். இவ்ளோ உறுதியா எப்படி எழுதினீங்க?"

பதில் தயாராக இருந்தது. மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். ஆனால் கை புத்தகத்துக்குத்தான் போனது.

"சார், அது தப்பு சார்."

மேடம் பேனாவை மூடினார். நான் புத்தகத்தைத் திறந்து தேர்வாளர் பக்கம் தள்ளினேன். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த ஸ்கேன எடுத்தது யாரு தெரியுமா?"

"தெரியாது சார்."

"நாந்தான். மாணவனா இருக்கும்போது. ஒரே நாள்ல முழுப் புத்தகமும் எடுத்துட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நாலாவது அத்தியாயத்த மாத்தி எழுதுங்க. ஆறு மாசம்."

"சார், முப்பதாம் தேதி..."

"மேடம் சொன்னாங்கம்மா. ஆனா இதப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட முடியாது. என் கட்டுரைக்கு நானும் மறுப்பு எழுதணும். கண்டுபிடிச்சது நீங்கன்னு போட்டுத்தான் எழுதுவேன்." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இத ஒரு வாரம் வச்சுக்கலாமா?"

"என் கார்டுல எடுத்தது சார்." அட்டைமேல் கையை வைத்தேன். "மொதல்ல நான் ஸ்கேன் எடுத்துடறேன்."

நூலக ஸ்கேனர் முன்னால் சூன்யம் வந்து நின்றான்.

"வேலை?"

"போச்சு."

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீ நம்பர மட்டும் படி."

தாளின் மூலையில் ஊதிப் பிரித்தேன்.

"நூத்திப் பதினொண்ணு," என்றான். "நூத்திப் பன்னெண்டு."