பக்கத்து மனையில் எட்டு வீடு

எட்மன்டனில் அந்தக் குளிர்காலம் முழுக்க டார்காவின் பக்கத்து மனையில் ஒரு கட்டடம் வளர்ந்தது. ஒற்றை வீட்டை இடித்துவிட்டு எட்டுக் குடும்பங்களுக்கு மூன்று மாடி. குளிருக்குத் தார்ப்பாயைப் போர்த்தி, உள்ளே சூடேற்றி வேலை செய்தார்கள். நாலரைக்கே இருட்டியதும் தார்ப்பாய் முழுவதும் ஆரஞ்சாக ஒளிரும். அதன்மேல் பனி சத்தமில்லாமல் விழும். தேநீரோடு சன்னலில் நிற்பவளுக்கு, தான் விழித்துத்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். அவ்வளவு அழகு. எரிச்சலும் அவ்வளவு.

பள்ளம் தோண்டிய அன்றே தெரு பதறிப்போயிருந்தது. வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் கூடி, உருளைக்கிழங்கு வைத்துப் பிரோகிக் கொழுக்கட்டை மடிப்பார்கள். அங்கேதான் எதிர்வீட்டு ஸ்லாவ்கோ ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தார்.

"நம்ம மனைங்கள்ல இனி ஒரு மனைக்கு ஒரே வீடுதான்னு பதிஞ்சு வச்சுருவோம். இல்லேன்னா நம்ம வீட்டுக்குப் பாதி வெலைகூட வராது. கையெழுத்துப் போடு டார்கா."

"கையெல்லாம் மாவா இருக்கேப்பா."

"சட்டம் மாவுக்கெல்லாம் கோவிச்சுக்காது."

ஊரோடு ஒத்து வாழ் என்று அவளும் போட்டாள். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். வாசித்தவர் யாருமில்லை.

பிப்ரவரியில் மகள் ரொமானா டொரன்டோவிலிருந்து பேசினாள். விவாகரத்து முடிந்துவிட்டது, ஊருக்கே வந்துவிடுகிறாள். "அம்மா, உன் கார் ஷெட் மேல சின்னதா ஒரு வீடு கட்டிக்கிறேன். உன் பக்கத்துலயும் இருப்பேன், உன் வாயிலேருந்தும் தப்பிச்சுப்பேன்."

அன்று முதல் டார்கா பின்சந்தில் அந்த வீட்டைப் பார்க்கத் தொடங்கினாள். மஞ்சள் கதவு, படியில் ஈரமான பூட்ஸ், புகைபோக்கியில் மெல்லிய புகை. இல்லாத வீட்டுக்குத் திரைத்துணிகூட வாங்கிவிட்டாள்.

வீடு கட்டுவது பற்றிக் கேட்கப் போனபோது வக்கீல் அந்தப் பத்திரத்தைப் புரட்டினார். "ஷெட் மேல கட்டினாலும் அது ரெண்டாவது வீடுதாங்க. மத்த நாப்பத்தோரு பேரும் சம்மதிச்சாத்தான் முடியும். இன்னொண்ணு, கையெழுத்துப் போடாத மூலைமனை கேட்ட வெலைக்கு மேலேயே போச்சு, நெறைய வீடு கட்டலாமேன்னு. உங்க மனைக்குத்தான் கிராக்கி இல்ல."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். டார்கா ஸ்லாவ்கோவின் வாசலில் போய் நின்றாள்.

"என் பொண்ணுப்பா."

"உனக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். போட்டது போட்டதுதான்."

அன்று போனில் மகளிடம் அழுதேவிட்டாள். "நானே உன்னை வெளிய நிறுத்திட்டேன்டி."

ரொமானா கேட்டாள்: "அந்தப் பக்கத்துக் கட்டடத்துல வாடகைக்கு விடுறாங்களாம்மா?"

ஜூன் மாதம், பாப்ளர் மரங்களின் பஞ்சு தெருவெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. டார்கா ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு புதுக் கட்டடத்தின் படியேறினாள். தெருவின் எதிர்ப்புறமிருந்து ஸ்லாவ்கோ குரல் கொடுத்தார்.

"வாடகைக்காரங்க வந்து எறங்குறாங்க பாத்தியா? இனி நம்ம வீட்டு வெலை அதோகதிதான்."

டார்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மூணாவது மாடிக்கு வர்றது என் பொண்ணு. அவ ஒருத்தியால எவ்வளவு கொறையும்னு சொல்லு, நான் தர்றேன்."