மூன்று கரண்டி

சமையலறை அலமாரியின் சாவியை பிலிஸ் தன் கணவர் ஜோசப்ராஜின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். "இத நீங்களே வச்சுக்கோங்க. நான் கேட்டாலும் தராதீங்க" என்றாள். அலமாரியில் இருந்தது பிஸ்கட்டும், மகள் ஃபேபியோலா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும்தான்.

காலையில் டாக்டரிடம் போய் வந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரியாக இருந்தாள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறீர்களா ஆன்ட்டி என்று இந்தியில் சிரித்தபடியே கேட்டார். கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் இன்சுலினை நான்கு யூனிட் கூட்டி எழுதினார். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அவள் அந்தச் சீட்டையே மடித்து மடித்துப் பிரித்தாள்.

சாவியைக் கொடுத்த கையோடு சொன்னாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. தின்னுட்டு, தின்னலன்னு சாதிப்பா. நானும் எடுத்துத் தின்னுட்டு மறந்துபோறேனோ என்னவோ. நீங்க பாத்தா மறைக்காம சொல்லுங்க."

ஜோசப்ராஜ் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

சில மாதங்களுக்கு முன் கால்விரலில் புண் வந்து அவள் கொஞ்ச நாள் நிற்கக் கூடாது என்றானபோதுதான் அவர் முதன்முதலாக அடுப்படிக்குள் போனார். கசார்வாடியில் ஒரு பட்டறையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதுவரை வெந்நீர்கூட வைத்ததில்லை. சர்க்கரை நோயால் டீயை விட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்காக ஃபேபியோலா ஒரு பானத்தின் செய்முறையை போனில் அனுப்பியிருந்தாள். ஊறவைத்துப் பிழிந்த கோகம் என்ற சிவப்புப் புளிப்பழம், அரைப்பழமாக ஒரு கொய்யா, இஞ்சி, பட்டை, சீரகம், ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. அவர் சிவாஜி மார்க்கெட்டில் தேடித் தேடி எல்லாம் வாங்கிவந்து செய்தார். முதல் நாள் பிலிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, பரவாயில்லை என்று வைத்துவிட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் ஒரு சின்னக் கரண்டி சீனி போட்டார்.

"இன்னைக்கு நல்லா வந்திருக்குங்க" என்றாள். கொய்யா நன்றாகப் பழுத்தது என்று சொன்னார்.

ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நினைத்தார். பிறகு அது இரண்டாயிற்று, மூன்றாயிற்று, காலையும் மாலையும் என்றாயிற்று. அப்பாவின் கைப்பக்குவத்தை மகளிடம் அவள் போனில் சொல்லிச் சிரிப்பதை அடுத்த அறையிலிருந்து கேட்பார். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் தன் கையால் செய்த ஒன்றை அவள் மெச்ச, அவர் கேட்பது அதுவே முதல்முறை. அதை விட்டுவிட மனம் வரவில்லை. டாக்டர் அவளைக் கேட்டபோதும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜையிலிருந்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலிஸ், ஒனக்கு மறதியெல்லாம் இல்ல. நான்தான் போட்டேன்" என்று சாவியை அவளிடமே நீட்டினார்.

"என்னத்த?"

"சீனி. நான் கலக்கித் தாறதுல. ஒரு தம்ளருக்கு மூணு கரண்டி."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப நான் எதையும் எடுத்துத் தின்னல."

"இல்ல."

அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் இறங்கின. அவர் ஆறுதல்பட்டு வாய்திறப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அந்த டாக்டர் என்னயக் கள்ளியப் பாக்குற மாதிரி பாத்தாரு. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

அவர் டாக்டருக்கு போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று முனகினார். இப்போதே செய்யுங்கள் என்றாள். அவள் எதிரில் நின்றபடி, தெரிந்த இந்தியில், பானத்தில் சர்க்கரை போட்டது நான், அவளுக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னார். கூட்டிய இன்சுலின் வேண்டாம், பழைய அளவையே போடுங்கள், தினமும் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார் டாக்டர்.

மாலையில் அவர் கோகத்தைப் பிழியும்போது, பிலிஸ் நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சீரகத்தப் பச்சையாவா போடுதீங்க?"

எழுந்து, வாணலியைத் தானே வைத்து, சீரகம் நிறம் மாறிப் புகையும்வரை வறுத்தாள். பட்டையைக் கூடுதலாகத் தட்டிப் போட்டாள். ஒரே ஒரு தம்ளர் கலக்கினார்கள். அவள் குடித்ததும் முகம் சுருங்கியது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்தார், புளிப்பு தாடையைக் கவ்வியது, கண்ணில் நீர் வந்தது. பாதியை வைத்தார்.

மிச்சத்தை அவள் எடுத்துக் குடித்து முடித்தாள். அடியில் ஒட்டியிருந்த கோகத் தோலை விரலால் வழித்து வாயில் போட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாக மென்றாள். விரல்நுனிகள் சிவந்திருந்தன.