முள் இல்லாத இடத்தில் மூன்று புள்ளிகள்

"இதுல எது முள்ளு, எது நம்ம மரம்னு நீங்கதான்கா பார்த்துச் சொல்லணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் ட்ரோன் கிளம்பும்" என்று ட்ரோன்காரப் பெண் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திருப்பி வைத்தாள். மாட்டுக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நாற்பது மாடுகள் மேய்ந்த நிலம் ஒரு தட்டின் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. எங்கிருந்தோ வந்து குடியேறிய முள் அதில் பாதியை விழுங்கிவிட்டிருந்தது. வெட்டினால் வெட்டிய இடத்தில் நான்காய்த் துளிர்க்கிற சாதி அது. கணவர் அதோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய்த்தான் கடைசியில் ட்ரோனுக்குச் சம்மதித்தார். கோடையில் புல் காய்ந்த பிறகும் முள் மட்டும் வெட்கமில்லாமல் பச்சையாக நிற்கும். மேலிருந்து படமெடுத்தால், பச்சையாகத் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் கணினி ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். பிறகு பெரிய ட்ரோன் மருந்தோடு போய், புள்ளி உள்ள இடத்தில் மட்டும் நின்று தெளிக்கும்.

படமெடுத்தபோது அவர் இருந்தார். ஒன்பது நாள் கழித்து, காலையில் செருப்புப் போடக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். "ஒரு நோவு நொடி இல்லாம, நல்லா இருக்கும்போதே போயிட்டாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். இரண்டு மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள்.

"இது தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற நிழல் மரம். இதை விட்டுடு. இதெல்லாம் முள்ளுதான், தாராளமா ஊத்து" என்று விரல் வைத்துக்கொண்டே வந்தவள், வீட்டுப் பக்கத்து வெட்டவெளிக்கு வந்ததும் விரலை நிறுத்தினாள். அங்கே மூன்று புள்ளிகள். "இங்க ஏது முள்ளு? உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு பொட்டையா?"

சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிய பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. முதல் புள்ளிக்கு அடியில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் நடந்துகொண்டிருந்தார். இரண்டாவதில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் மல்லாந்து கிடந்தார். ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது.

"அன்னைக்கு அண்ணன்தான் கிடாரி ஒண்ணு உள்ள நிக்குது, ஓட்டிட்டு வரேன்னு போனாருக்கா" என்றாள் பெண் மெதுவாக. "ட்ரோன் போயிப் போயித் திரும்பி வந்து எடுக்கும். அதான் ஒரே ஆளு படத்துல மூணு இடத்துல பதிஞ்சிருக்காரு. பச்சைச் சட்டைங்கறதால புதர்னு நினைச்சிருக்கு."

மாட்டுக்காரம்மாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வியர்த்து வழிய வந்தார். சட்டை முதுகெல்லாம் நெருஞ்சி முள்ளும் சருகும். "கிடாரிய ஓட்டப் போனீங்களா, அதோட சேர்ந்து மேயப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிப் போட்டவள் அவள்தான். வழுக்கிவிட்டது என்றார். அவளோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தார். முழங்கால் வலிக்குப் பயந்து, யாராவது கைகொடுக்காமல் தரையில் உட்காராத மனிதர். வழுக்கி விழுந்தவர் எப்படித் தனியாக எழுந்தார் என்று கேட்கத் தோன்றவில்லையே, பாவி எனக்கு, என்று நொந்துகொண்டாள். படத்தில் வீட்டுக் கூரைக்கும் அவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அடுப்படிக்குக் கேட்டிருக்கும்.

"எவ்வளவு நேரம் கிடந்தாரு?"

"வேண்டாம்க்கா."

"பாரு. உனக்குத் தெரியும்ல?"

பெண் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நேரம் பார்த்தாள். "இருபத்திரண்டு நிமிஷம்." மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் வண்டிக்குள்ள உக்காந்து பேட்டரி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு இருந்தேன்க்கா. தலை நிமிர்ந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மாட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நோவு நொடி இல்லாமல் என்று எத்தனை பேரிடம் சொன்னோம் என்று யோசித்தாள். இனி அதை யாரிடமும் சொல்ல வாய் வராது.

"இந்த மூணையும் அழிச்சிடறேன்க்கா."

"ரெண்டை அழி. அந்தக் கடைசிய விட்டுடு. மருந்து ஊத்த வேண்டாம். சும்மா போய் நின்னுட்டு வரட்டும்."

"அங்க ஒண்ணும் இல்லையேக்கா."

"அன்னைக்கு அவரு தலைக்கு மேலயே போச்சு, வந்துச்சு. நிக்கவே இல்லையே. இன்னைக்கு நிக்கட்டும்." பிறகு கேட்டாள், "இருபத்திரண்டு நிமிஷம் நிக்குமா?"

"மருந்து தூக்கற ட்ரோனுக்கு அவ்வளவு நேரம் பேட்டரி தாங்காதுக்கா. ஒரு நிமிஷம் வேணா நிக்கும்."

காற்று அடங்கியிருந்த நேரம் பார்த்துப் பெண் ட்ரோனை மேலே ஏற்றினாள். வேலிக்கு வெளியே இருவரும் நின்றார்கள். அது ஒவ்வொரு புதராகப் போய் நின்று தெளித்துவிட்டு, வெட்டவெளிக்கு வந்து மருந்துக் குழாயை மூடிக்கொண்டு தாழ்ந்தது. அதன் காற்றில் காய்ந்த புல் வட்டமாகத் தரையோடு தரையாகப் படுத்தது. மாட்டுக்காரம்மா வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரிங்க" என்றாள். இரைச்சலில் அது பக்கத்தில் நின்றவளுக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரு நிமிடம் ஆனதும் ட்ரோன் மேலெழும்பி அடுத்த முள்ளுக்கு நகர்ந்தது. படுத்துக் கிடந்த புல் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கியது.