அடுப்பில் கட்டிய சிவப்புத் துணி

“பன்னெண்டு பேர் வர்றாங்க. ஊர்வலம் முடிஞ்சதும் சாப்பாடு தயாரா இருக்கணும்,” என்றார் கணவர், கண்ணாடி முன் நின்று தலை வாரியபடி.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. “இந்த வருஷம் நானும் ஊர்வலத்துக்கு வர்றேன்னு சொன்னேனேங்க?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

போன வருஷமும் இதே பதில்தான், அதற்கு முந்திய வருஷமும் இதே பதில்தான். அந்த அடுத்த வருஷம் எந்தக் காலண்டரில் இருக்கிறதோ!

இருவருக்கும் ஒரே தையல் ஆலையில் வேலை. அவர் சங்கச் செயலாளர். அவள் ஒன்பது வருஷமாகக் காலர் தைக்கிறாள். ஆலையில் எல்லாருக்கும் ‘காலரக்கா’. மே முதல் தேதி விடுமுறை அவளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஆலையைப் பூட்டினால் அவருக்கு ஓய்வு. அவளுக்கு வேலை செய்யும் இடம் மாறும், அவ்வளவுதான்.

செயலாளர் பேச்சை ஒத்திகை பார்த்தார். “தோழர்களே! அன்னைக்கு சிகாகோவுல தொழிலாளிங்க எதுக்குத் தெருவுல இறங்கினாங்க? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம்ம இஷ்டம்! இதைக் கேட்டவங்களைச் சுட்டாங்க, தூக்குல போட்டாங்க!” குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை; செத்துப்போன அந்த மனிதர்கள்மேல் அவருக்கு உண்மையான பாசம். அடுப்படியில் உயிரோடு நிற்பவள்தான் கண்ணில் படவில்லை.

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஆலையில் எட்டு, வழியில் இரண்டு, வீட்டில் எட்டு, தூக்கம் ஆறு. இஷ்டத்துக்கு எங்கே போவது?

அவர் கிளம்பியதும் அடுப்பை அணைத்தாள். வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து, கேஸ் அடுப்பின் திருகில் இறுக்கிக் கட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன், பழுதான இயந்திரத்தில் கை வைத்திருந்த ஒருத்தியைக் கவனிக்காமல் மேஸ்திரி சுவிட்சைப் போட்டுவிட்டான். இரண்டு விரல் போயிற்று. பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடத்திச் செயலாளர் ஒரு விதி வாங்கினார். கோளாறான இயந்திரத்தில் தொழிலாளி சிவப்புத் துணி கட்டினால், கட்டியவர் அவிழ்க்கும்வரை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அதற்காக அவருக்கு மாலையெல்லாம் போட்டார்கள்.

துணியைக் கட்டிவிட்டு ஊர்வலத்துக்குப் போன அவள், கடைசி வரிசையில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டுவிட்டு, விருந்தாளிகள் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்தாள்.

அடுப்பைப் பார்த்த செயலாளரின் முகம் சுருங்கியது. “என்ன விளையாட்டு இது?” என்று துணியை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஐயையோ, தொடாதீங்க!” விருந்துக்கு வந்திருந்த, ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் அண்ணன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். “கட்டினவங்கதான் அவுக்கணும். நீங்க வாங்கிக் குடுத்த விதிதானே செயலாளரே!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளர் பல்லைக் கடித்தார். “என்ன கோளாறு?”

“காலமெல்லாம் ஒரே ஆளை வச்சு ஓட்டுறீங்க. அதான் கோளாறு,” என்றாள் காலரக்கா. “பன்னெண்டு பேர் வந்திருக்கீங்க. மிச்ச வெங்காயம் அங்க இருக்கு. உரிச்சு நறுக்குங்க, நானே வந்து அவுக்கறேன்.”

கூடத்தில் செயலாளரின் நாற்காலியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளே ஃபிட்டர் அண்ணன் கத்தியைத் தேடும் சத்தம் கேட்டது.

“ஏங்க,” என்று குரல் கொடுத்தாள். “உரிச்சுக்கிட்டே அந்தப் பேச்சை இன்னொரு தடவை பேசுங்க. எட்டு மணி நேரம் நம்ம இஷ்டம்னு வருமே, அங்கேருந்து.”