விஜயாவுக்கு என்று எழுதிய சீட்டு

“நல்லாப் பாருங்கண்ணே. என் பேராத்தான் இருக்கும்.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வி, ஜ, யா. விஜயா, செமாபோக். நீ எப்ப செமாபோக்குக்குக் குடிபோனே?”

மருதப்பன் சீட்டை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். சிவகாமி அதை வாங்காமலே படித்தாள். எழுத்தில் சந்தேகமே இல்லை. வலப்பக்கம் சாய்ந்து, ஒற்றுப்புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடும் சபியாவின் எழுத்து. இன்னொருத்திக்கு எழுதும்போதும் அந்த வட்டங்கள் அதே அழகோடு இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காஜா பேராங் தெருவின் படிப்பகத்தில் புத்தகங்கள் கைமாறுவதற்கு ஒரு முறை இருந்தது. படித்து முடித்தவர் ஒரு சீட்டில் அடுத்து யார் படிக்க வேண்டும் என்று பெயர் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்து, புத்தகத்துக்குள் வைத்துத் திருப்பித் தர வேண்டும். பெயருக்குரியவர் படித்துவிட்டு அதே சீட்டில் பதில் வரி எழுதுவார். பிறகு சீட்டு எழுதியவருக்கே போய்ச் சேரும். புத்தகத்தை ஒருவருக்கொருவர் நேராகக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்த ஒரு புத்தகம் சிங்கப்பூர் வரை போய்த் தொலைந்த நாளிலிருந்து மருதப்பன் இதில் ரொம்பக் கண்டிப்பு. பகலில் மருத்துவமனையில் கட்டுப் போடுகிற மனிதர். சாயங்காலம் படிப்பகத்தைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு நீதிபதிதான்.

மூன்று வருஷமாகச் சபியாவின் சீட்டுகள் சிவகாமிக்குத்தான் வந்துகொண்டிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சபியா கிளேபாங்கில் இருந்தாள். படிப்பகத்துக்கு வரமாட்டாள். அவள் அண்ணன் உமர், துணிக்கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் புத்தகம் எடுத்துப் போவார். ‘சிவகாமிக்கு. மழை நாளில் ஆரம்பிக்கவும்’ என்று அவள் எழுதுவாள். ‘மழை வரும்வரை பொறுக்க முடியவில்லை’ என்று இவள் பதில் எழுதுவாள். சபியாவிடமிருந்து வந்த நாற்பத்தொரு வரிகளையும் சிவகாமி ஒரு நோட்டில் பார்த்தெழுதி வைத்திருந்தாள். அவள் பாடம் சொல்லிக் கொடுக்கும் தமிழ்ப் பள்ளிச் சிறுபிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எப்படியோ, அவளுக்கு அந்த வரிகள் அப்படி.

விஜயாவுக்கு எழுதிய வரி இது: ‘212ஆம் பக்கம் வந்ததும் என்னைக் கூப்பிடு.’

கூப்பிடு! சிவகாமியை ஒரு நாளும் ‘நீ’ என்றுகூட எழுதியதில்லை.

“குடுங்கண்ணே. செமாபோக் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கு. நானே சேர்த்துடுறேன்” என்றாள்.

“விஜயா புது ஆளு. இன்னும் இங்க வந்ததுகூட இல்லை. உமர்தான் பேரைச் சேர்த்துவிட்டாரு” என்று இழுத்தார் மருதப்பன். “கையில குடுத்துடுவியா?”

“உங்க ரிஜிஸ்டர்ல என் கையெழுத்தைப் போட்டுத்தானே எடுத்துட்டுப் போறேன்.”

அவர் நம்பினார்.

செமாபோக்கில் அவளுக்கு எந்த வேலையும் இல்லை. நேராக வீட்டுக்கு வந்து, அம்மா பயறு புடைக்கும் சத்தத்துக்கு நடுவே 212ஆம் பக்கத்தைப் பிரித்தாள். பனிநாட்டுக் கதை. உறைந்துபோன ஏரியின் மேல் சறுக்குவண்டியில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண். அந்தப் பக்கத்தில் அவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு அவள் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறாள். அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டும்? புரியாததால் முதல் பக்கத்துக்குப் போனாள். மூன்று நாளில் முழுக்கப் படித்தாள். கதை நன்றாக இருந்தது. அதனால் இன்னும் எரிந்தது. எனக்கு எழுதியிருக்க வேண்டிய புத்தகம் என்று பக்கத்துக்குப் பக்கம் தோன்றியது.

நான்காம் நாள் பேனாவை எடுத்தாள். இடப்பக்கம் சாய்த்து, கொட்டை கொட்டையாக, தன் எழுத்தின் சாயலே இல்லாமல் எழுதினாள்:

‘படித்தேன். ஒரு தபால்காரிக்கு முந்நூறு பக்கம் அதிகம். பனி உறைகிற ஊரில் தயிர்ச்சோற்றுக்கு மாவடு எங்கிருந்து கிடைத்தது? – விஜயா.’

மாவடு நிஜமாகவே புத்தகத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவருக்குப் பசி நேரம் போலிருக்கிறது. எழுதி முடித்ததும் சிவகாமிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருத்திக்கு இனி யாராவது புத்தகம் சொல்வார்களா? புத்தகத்தையும் சீட்டையும் மருதப்பனிடம் சேர்த்தாள். “ரொம்ப வேகமாப் படிக்கிற பொண்ணா இருக்கே” என்று அவர் பாராட்டியபோது, “ஆமாண்ணே, மேலோட்டமா” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உமர் அவளைத் தேடி வந்தார்.

“சபியா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னா. ஞாயித்துக்கிழமை தோதுப்படுமா?”

சிவகாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சீட்டு அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை செய்திருந்தது. ஞாயிறு மத்தியானம் நீலச்சேலை கட்டி, பாசாரில் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கிளேபாங் பஸ் ஏறினாள். வழியெல்லாம் கடைகளில் சுதந்திரத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டே வாரம். அவள் எதையும் பார்க்கவில்லை. சபியாவிடம் முதலில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். சபியா உயரமாக, மெலிந்து, மெதுவாகப் பேசுகிறவளாக இருப்பாள் என்று மூன்று வருஷமாக அவளுக்கு ஒரு முடிவு.

கதவைத் திறந்தவள் குட்டையாக, பருமனாக, தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். நூல் துணுக்குகள் முக்காடெல்லாம் ஒட்டியிருந்தன.

“வாங்க, சிவகாமி. உட்காருங்க. உம்மா, தேத்தண்ணி!”

கூடம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணிப்பட்டைகள். பள்ளிக்கூடங்களுக்குப் புது நாட்டுக் கொடி தைக்கும் வேலை. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் பட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வயசு இருக்கும்.

“ஏய் விஜி, பதினொண்ணுதானே? போன கொடியில பன்னெண்டு வச்சிட்டே. எந்த நாட்டுக் கொடிடீ அது?”

“போங்கக்கா, கதை சொல்லிக்கிட்டே எண்ணச் சொன்னா அப்படித்தான்.”

சிவகாமியின் மடியில் பழச்சீப்பு கனத்தது. செமாபோக் ஊருக்கு அந்த மூலை, கிளேபாங் இந்த மூலை. தன்னைப் போலவே அவளும் சீட்டில் மட்டும் இருப்பவள் என்று எப்படி நினைத்துக்கொண்டோம்? இந்தப் பெண் பஸ் ஏறி தினமும் இங்கே வருகிறாள். ‘டீ’ போட்டுக் கூப்பிடப்படுகிறாள். தனக்கு ‘வாங்க’.

சபியா சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“நீங்கதான் எழுதினீங்க.”

“அதில விஜயான்னு...”

“மாவடுவை வேற யார் பிடிப்பா? மூணு வருஷமா நீங்க மொழிபெயர்ப்புல தப்புக் கண்டுபிடிக்காத ஒரு புத்தகம் உண்டா? பாரிஸ் நகரத்துல முறுக்குச் சாப்பிட்டதுக்கு சீட்டோட பின்பக்கம் வரைக்கும் எழுதினீங்க.” சபியா கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. “அதுவும் போக, விஜிக்கு எழுத வராது. ரெண்டு மாசமாத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. இதுதான் அவளோட முதல் புத்தகம்.”

விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். “அந்தப் பக்கம் வரைக்கும் நானாவே படிச்சா, அக்கா எனக்கு விருந்து குடுக்கிறேன்னு சொல்லியிருந்தாங்க” என்றாள், யாரையும் குறை சொல்லாமல். அவளுக்குச் சிவகாமிமேல் வருத்தம்கூட இருந்ததாகத் தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சிவகாமிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது; ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. முதல் புத்தகம்! தான் ஐந்நூறு புத்தகம் படித்தும் இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்து படிக்க வைத்ததில்லை. 212ஆம் பக்கத்தில் இருந்தவள் இவள்தான், வாசித்துக் காட்டினவள் சபியா. தான் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தும் அது தெரியாமல் போயிற்று.

“மன்னிச்சுக்க” என்றாள் விஜயாவைப் பார்த்து. பிறகு சபியாவைப் பார்த்து, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். “எனக்கு ஏன் எழுதலை?”

“எதுக்கு? நான் எழுதாட்டியும் நீங்க படிச்சுட்டீங்களே.”

“அது வேற.”

“வேறதான்.” சபியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உங்களுக்குப் புத்தகம் குடுத்தா எனக்கு மார்க்குப் போட்டுத் திருப்பி அனுப்புறீங்க. ஆசையா இருக்கும், பயமாவும் இருக்கும். இவளுக்குச் சொன்னா கேட்டுக்கிட்டே அழுவா. எனக்கு அதுவும் வேணும்ல?”

உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். விஜயா ஒரு சிவப்புப் பட்டையை எடுத்து நீட்டினபடி, “அக்கா, புத்தகம்தான் இனிமே வரும்ல. அதுவரைக்கும் நேத்து விட்ட இடத்துலேர்ந்து சொல்லுங்களேன். அந்தம்மா ஏரிக்கு நடுவுல நின்னுட்டாங்க” என்றாள்.

சபியா சிவகாமியைப் பார்த்தாள். “இவங்களுக்கு முடிவு தெரியும்டீ. சலிப்பா இருக்கும்.”

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எழுந்து போனால் போகலாம், சாலையில் நிற்கலாம். சிவகாமி நாற்காலியிலிருந்து இறங்கி, நீலச்சேலை கசங்குவதைப் பார்க்காமல், விஜயாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கைக்குக் கிடைத்த வெள்ளைப் பட்டையை எடுத்து ஓரம் மடிக்கத் தொடங்கினாள். மடிப்பு கோணலாக வந்தது. சபியா இயந்திரத்தின் சக்கரத்தில் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

“எனக்கும் சொல்லு, சபியா,” என்றாள் சிவகாமி, தலை நிமிராமல். “நான் அதைப் படிச்சதே இல்லைங்கிற மாதிரி, முதல்லேர்ந்து சொல்லு.”