வலப்பக்கத்து நண்டு

மூன்றாவது கட்டத்தில் நண்டு மறுபடியும் என்னைக் கொன்றது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு வந்த வருடத்திலிருந்து நான் ஆடுகிற ஆட்டம் இது. குட்டை ஆள் ஒருவன் வலப்பக்கமாக ஓடுவான். பள்ளம் வந்தால் குதிக்க வேண்டும். எதிரே நண்டு வந்தால் அதற்கு மேலே குதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கு," என்றேன். "படம் ஓரத்துல சுருங்குது."

சாலமன் என் கட்டிலில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான். என் பழைய செட்டை வாங்கிக்கொண்டு புதியது ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போக நாச்சியாபுரம் வரை வந்திருந்தான்.

"மாப்ள, இதெல்லாம் இன்னும் ஒரு ஆட்டமாடா? சின்னப் பயக கூட இதைத் தொட மாட்டேங்கிறாய்ங்க. இப்ப வர்றதுல ஆளு திரும்பிப் பாக்குறான், காரு மலையைச் சுத்தி ஓடுது. இதுல எங்க பள்ளம் வரும்னு உனக்கு மனப்பாடம். அப்புறம் என்னத்துக்கு ஆடுற?"

"அதுக்குத்தான் ஆடுறேன்."

பொய்யில்லை. சாயங்காலம் நாச்சியாபுரம், இளையாத்தங்குடிப் பக்கத்துப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் நூல் மில்லில் இறக்குவேன். விடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். நடுவில் வேனிலேயே விழித்துக் கிடப்பேன். பகலில் தூக்கம் வராது. அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மண்டை வேலை செய்யாது. பழைய ஆட்டம் என்றால் கைக்கே எல்லாம் தெரியும்.

சாலமன் எழுந்து ஸ்டெபிலைசரைக் குனிந்து பார்த்தான்.

"முள்ளு சரியாத்தான் நிக்குது. படமும் முழுசா இருக்கு. ஆடத் தெரியாதவனுக்குக் கரண்டு மேல கோவமாக்கும். குடு இங்குட்டு."

ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி ஆடினான். மூன்றாவது கட்டம் வந்தது. "வருது பாரு," என்றான். பார்த்தேன். எதுவும் வரவில்லை. அவன் குதித்தான். அதற்குப் பிறகுதான் குட்டை ஆளின் காலுக்குக் கீழே நண்டு இருந்தது.

"எங்கேருந்துடா வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? வலது பக்கமிருந்து எருமை மாதிரி வருது."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பிறகு இடது கண்ணைப் பொத்தினேன். இரண்டிலும் ஒன்றுதான். படத்தின் அந்த ஓரம் இருட்டாகக்கூட இல்லை. இல்லவே இல்லை.

"யாரைப் பாத்துக் கண்ணடிக்கிற? எதுத்த வீட்டுலயும் ஆளைக் காணோமே," என்று சிரித்தான் சாலமன்.

பள்ளங்களை நான் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. பள்ளம் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கும். நண்டு அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு நேரத்தில் வரும். மில்லுக்குப் போகிற ரோடும் எனக்கு மனப்பாடம். எந்த வளைவில் பிரேக், எந்தப் பாலத்தில் கியர் எல்லாம் கைக்கே தெரியும். எதிரே வருகிற லாரி மட்டும் மனப்பாடத்தில் கிடையாது. போன வாரம் ஒரு பஸ் என் வலப்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. டிரைவரை இறங்கி வரச் சொல்லித் திட்டினேன். வேனில் இருந்த பெண்களும் எனக்காகச் சேர்ந்து திட்டினார்கள். அந்த ஆள் தன் பக்கத்திலேயேதான் வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாலமனிடம் செட்டைத் தர முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வேனில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மெதுவாகப் போகலாம். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டலாம். ஒரு நாள் வண்டி எடுக்கவில்லை என்றால் வேன் முதலாளி சத்தியமூர்த்தி மறுநாளே வேறு ஆளைப் போடுவார். எனக்கு வேறு தொழில் தெரியாது. என் அக்கா மெர்சி தூக்குவாளியோடு வந்து நின்றாள். அவளுக்கும் அந்த மில்லில்தான் வேலை. மில்லுக்கு வருகிற அக்கம்மாள் வழக்கம்போல முதல் ஆளாக ஏறி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் ஏறத் தொடங்கினார்கள்.

சாவியைத் திருகினேன். என்ஜின் பிடித்தது. வலது பக்கம் கழுத்தைத் திருப்பினேன். தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் வேனை உரசுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். திருப்புவதற்கு முன் அவர் அங்கே இல்லை.

என்ஜினை நிறுத்தினேன்.

"யாரும் ஏறாதீக."

"என்னப்பா, பஞ்சரா?" என்றாள் அக்கம்மாள்.

"எனக்கு வலது பக்கம் தெரியல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "கல்யாணமானா எல்லாம் தெரியும்," என்றது ஒரு குரல். மெர்சி அக்கா சிரிக்கவில்லை.

"எப்பேருந்து?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலக்கா. இன்னிக்கு மத்தியானந்தான் கண்டுபிடிச்சேன்."

அக்கம்மாள் முன்பக்கம் குனிந்தாள்.

"நேத்தும் நீதான ஓட்டுன?"

"ஆமா."

அவள் தன் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் திட்டவில்லை. பஸ்காரரைத் திட்டிய வாய்களா இவை என்று இருந்தது.

"சாவியைக் குடுடா," என்று மெர்சி அக்காவின் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

நீட்டினேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. கழுத்தைத் திருப்பித் தேடினேன்.