சுளுக்கு என்று சொன்னது

கழுத்துப் பட்டை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது கணவரைக் காணவில்லை. மேசையில் அவருடைய போனும் ஒரு துண்டுச் சீட்டும் கிடந்தன. சலூனுக்குப் போகிறேன், சுளுக்கு எடுத்துவிட்டு வருகிறேன்.

அந்தச் சலூன்காரர் முடி வெட்டியதும் ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்துப் படக்கென்று ஒரு திருப்புத் திருப்புவார். சொடக்குச் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதற்காகவே தெருவில் பாதி ஆண்கள் அவரிடம் தலையைக் கொடுத்தார்கள்.

நேற்றுத்தான் டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். கணவருடைய ஈரல் புற்றுநோய் கழுத்தெலும்புக்குப் பரவிவிட்டது. எலும்பு பாதி அரித்துப்போயிருக்கிறது, வெடுக்கென்று திருப்பினால் நொறுங்கிக் கை கால் விழுந்துவிடும். அவரிடம் நானே சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியும், நேரம் பார்த்து நான் சொல்லிக்கொள்கிறேன் என்று இவள்தான் பெரிய மனுஷியாகப் பொறுப்பேற்றாள். வீட்டுக்கு வந்து, வெறும் சுளுக்குதானாம் என்றாள். சுளுக்கு என்றால் மனுஷன் வேறு எங்கே போவார்?

சலூன் வரைக்குமான இரண்டு தெருவையும் ஓடியே கடந்தாள். சலூன் கதவைத் திறந்தபோது தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை. கணவர் கண்ணை மூடியிருந்தார். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார். கையைப் பிடித்து இழுத்தால் கழுத்தும் கூட வரும். அவள் வாசலிலேயே நின்றாள்.

"திருப்பாதீங்க. டாக்டர் வேண்டாம்னாரு."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க அக்கா. ஒரே நொடி."

"அவ கிடக்கறா. நீங்க திருப்புங்க" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

சலூன்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் அவளுக்கு வாயில் வரவில்லை.

"சுளுக்கு இல்லைங்க. ஈரல்ல இருந்தது எலும்புக்கு வந்துடுச்சு. திருப்பினா கழுத்து உடைஞ்சுடும்."

சலூன்காரரின் கைகள் அப்படியே நின்றன. விடவும் பயம், பிடித்திருக்கவும் பயம். பிறகு பச்சைக் குழந்தையின் தலையைக் கிடத்துவதுபோல நாற்காலியின் மெத்தையில் மெல்லச் சாய்த்தார். கழுத்து தப்பியது.

கணவர் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"நேத்து மக கிளம்பி வரேன்னா. வெறும் சுளுக்குக்கு எதுக்கு லீவு, வராதேன்னு சொன்னேன். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

அவள் தலையசைத்தாள்.

"வரச் சொல்லு" என்றார்.